பங்களாக் கதிரைக்கு யார் விலை வைக்கிறது?

கதிரை, மேசை, அலுமாரி, லாச்சி. வீட்டுல நாளைக்குப் பத்துத் தரம் வாயில வர்ற சொற்கள். முதல் மூன்றும் போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை, லாச்சி ஒல்லாந்தர் விட்டுப் போனது. லயத்தில நாம சொல்ற காம்பராவும் போர்த்துக்கேயச் சொல்தான். காம்பராவுக்கு முன்னால இருக்கிற இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல். ஆக, பெயர்கள் எல்லாம் எங்க பேச்சுக்குள்ள எப்பவோ குடி வந்துடுச்சு. சாமான்கள் வந்து சேர்ந்த கதை வேற. அதைத்தான் இங்க பார்க்கப் போறோம்.

இப்ப ஏன் இந்தப் பேச்சு என்றால், 2022தான் காரணம். அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. வங்கியில காசு போட்டு வைத்தவர்களுக்குத் தொகை அப்படியே இருந்தது, அதால வாங்கக்கூடிய சாமான் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு "காசைக் காசா வைக்காதீங்க" என்பது எல்லாருடைய அறிவுரையாகவும் ஆகிவிட்டது. தங்கம், காணி என்று தொடங்கிய பேச்சு இப்ப "மாற்று முதலீடு" வரைக்கும் வந்திருக்கு. பழைய கடிகாரம், பழைய கார், ஓவியம், பழைய தளபாடம். ஒல்லாந்தர் காலத்துக் கதிரை ஒன்றை, பங்களா ஈஸிச்சேர் ஒன்றை வாங்கி வைத்தால் பத்து வருஷத்தில பல மடங்கு வரும் என்று சொல்லும் வீடியோக்களை நாங்களும் பார்க்கிறோம்.

ஹாலிஎல பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் கிட்டத்தில் படுது. இந்தத் தளபாடம் இருந்த பங்களாக்கள் எங்களைச் சுற்றித்தான் இருக்கு. அதைத் துடைத்துப் பொலிஷ் போட்டவர்கள் எங்க ஆட்கள். அதனால முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வாங்கலாமா வேண்டாமா என்பது இல்லை. ஒரு பழைய கதிரையின் விலை எங்கேயிருந்து வருது, யார் கைக்குப் போகுது?

கருங்காலிக் கதிரையும் ஒரு பொய்க்கதையும்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்றொரு எழுத்தாளர் இருந்தார். பிரதமரின் மகன், பழம்பொருள் பைத்தியம். லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோபெரி ஹில் என்ற தன் மாளிகையில், செதுக்கு வேலை நிறைந்த கருங்காலிக் கதிரைகளை வாங்கிச் சேர்த்தார். அவை டியூடர் மன்னர்கள் காலத்துப் பழைய ஆங்கிலக் கதிரைகள் என்று அவர் உறுதியாக நம்பினார். அவர் சொன்னதால் மற்றப் பணக்காரர்களும் நம்பினார்கள். அந்த மாதிரிக் கதிரைகளுக்கு மதிப்புக் கூடியது.

உண்மையில் அவை 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. ஐரோப்பியக் கம்பனிகளுக்காக இந்தக் கரைத் தச்சர்கள் கருங்காலியில் செதுக்கிக் கொடுத்தவை. பூவும் கொடியும் பறவையும் கோயில் தூணில் செதுக்குகிற அதே கை, கதிரையின் முதுகிலும் செதுக்கியது. கப்பலேறிப் போன பிறகு செய்தவர் பெயரும் ஊரும் காணாமல் போய், ஆங்கில அரச வரலாறு ஒன்று அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. மரம் மாறவில்லை, வேலைப்பாடு மாறவில்லை. "இது யாருடையது, எங்கிருந்து வந்தது" என்ற கதைதான் விலையை ஏற்றியது. பழம்பொருள் வியாபாரத்தில் இந்தக் கதைக்குத்தான் முதல் மரியாதை. அது உண்மையாக இருந்தால் நல்லது. பொய்யாக இருந்தாலும், நம்ப ஆள் இருக்கிற வரைக்கும் ஓடும்.

இலங்கையில் செய்தது

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கரையோரத்தில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. 1796இல் ஆங்கிலேயர் வரும் வரை கரையோரம் ஒல்லாந்தர் கையில். அவர்களுடைய கொழும்பு, காலி வீடுகளுக்காகக் கருங்காலி, முதிரை, நெதுன், பலா, கலமண்டர் மரங்களில் கதிரை, பெட்டகம், எழுதுமேசை எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. வடிவம் ஐரோப்பியம், மரமும் கையும் உள்ளூர். கொழும்பு புறக்கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்துக்குப் போனால் இவற்றைப் பார்க்கலாம். ஆர். எல். புரோஹியர் ஒல்லாந்தர் காலத் தளபாடம் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஆங்கிலேயர் காலத்தில் காலித் தச்சர்களின் கருங்காலிச் செதுக்கு வேலை, துறைமுகத்தில் இறங்கும் பயணிகள் வாங்கிப் போகும் பொருளானது. மொரட்டுவைத் தச்சர்கள் நாடு முழுக்க வீடுகளை நிரப்பினார்கள். அநகாரிக தர்மபாலவின் தந்தை எச். டொன் கரோலிஸ் 1860இல் தொடங்கிய தளபாடக் கம்பனி பின்னர் வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி செய்தது. சிங்கள பௌத்த மறுமலர்ச்சியின் முக்கியமான ஒரு குடும்பத்துக்குப் பின்னால் கதிரை மேசை வியாபாரம் இருந்தது என்பது எங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மலைக்கு வருவோம். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. அதன் பிறகு வந்த வருஷங்களில் கோப்பி விழுந்து தேயிலை எழுந்தது. ரயில் பதுளைக்கு வந்தது 1924இல்தான். அதற்கு முன் ஊவாவின் பங்களாக்களுக்கு வந்த பாரமான சாமான்கள் ரயில் முடிகிற இடத்திலிருந்து மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும்தான் மலை ஏறின. அப்படி ஏறியவற்றில் ரொம்பப் பேர் போனது, இன்றைக்குக் கடைகளில் "பிளான்டர்ஸ் செயார்" என்று விற்கிற நீளக் கைப்பிடிச் சாய்வு நாற்காலி. பிரம்பு பின்னிய இருக்கை. கைப்பிடிக்குக் கீழே இருந்து பலகை ஒன்று முன்னால திரும்பி நீளும். தோட்டம் சுற்றி வந்த துரை, சப்பாத்துக் காலை அதன் மேல் தூக்கிப் போட்டுப் படுக்கலாம். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இதே வடிவம் இருந்தது. வெள்ளைக்காரன் வெயிலில் களைத்த இடமெல்லாம் இது இருந்தது என்று சொல்லலாம்.

ஒப்பந்தம் முடிந்து சீமைக்குத் திரும்பும் துரைமார் தங்கள் சொந்தச் சாமான்களை விற்றுவிட்டுப் போவது வழக்கம். தோட்டக் கம்பனிக்குச் சொந்தமான தளபாடம் பங்களாவிலேயே நிற்கும். ஒரு துரை போய் அடுத்த துரை வரும்போது பட்டியலைப் பார்த்து எண்ணிக் கையளிப்பார்கள். ஹப்புத்தளையில் 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷம் பங்களா இன்றைக்குப் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அதன் வரவேற்பறையும் நூலகமும் பழைய தளபாடத்தோடே பேணப்படுகின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். எங்க மாவட்டத்தில் ஒரு பங்களாவின் உள்பக்கத்தை டிக்கெட் எடுத்துப் பார்க்க முடிகிற இடம் அது.

லயத்தில் கதிரை இல்லாத காரணம்

பங்களாவின் ஒரு அறைக்குள் எத்தனை காம்பரா அடங்கும் என்று கணக்குப் பாருங்க. லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதுக்குள்ள ஒரு குடும்பம். சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அங்கேதான். கதிரை வைக்க இடம் இருந்தால் ஆள் படுப்பார்கள். அதோட, துரை முன்னால, கணக்கப்பிள்ளை முன்னால உட்காருவது என்ற பேச்சே இல்லாத காலம் அது. கதிரை ஒரு சாமான் மட்டும் இல்லை. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற சட்டமும் அதுதான்.

இடம் கிடைத்தாலும் சேர்த்து வைக்க முடியாத இன்னொரு காரணம் இருந்தது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடும் எங்களுக்குச் சொந்தம் இல்லை என்றது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பதாகவும் தாளில் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தாத்தா பாட்டிமார் சொல்ற கதைகளில் எப்பவும் ஒரு டிரங்குப் பெட்டி வரும், காதில் கழுத்தில் கிடந்த நகை வரும், கட்டிலைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்த கதை வரும். எங்க ஆட்கள் நகையை நம்பினதுக்கு ஆசை மட்டும் காரணம் இல்லை. எந்த நேரமும் கிளம்பச் சொல்லப்படலாம் என்று தெரிந்தவர்கள், முடிந்து கொண்டு போகக்கூடியதில்தான் காசைப் போடுவார்கள்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. பங்களாவும் அதற்குள் நின்ற கதிரையும் பெயரளவில் பொதுச்சொத்தாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. பிறகு சில பங்களாக்கள் ஹோட்டல் ஆகின. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் 2005இல் தொடங்கிய சிலோன் டீ டிரெயில்ஸ் அந்த வழியில் பேர் பெற்றது. பழைய கதிரை அங்கே வெளிநாட்டுப் பயணியிடம் வாடகை வாங்கித் தருது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் பட்டியலில் கதிரை எண்ணப்பட்டது. அதைத் துடைத்தவரின் பெயர் ஒரு தடவையும் எழுதப்படவில்லை.

சண்டிகரில் நடந்தது

அரசுத் தளபாடம் எப்படி உலகச் சந்தைக்குப் போகும் என்று தெரிய, இந்தியாவின் சண்டிகரைப் பார்க்கலாம். 1950களில் லு கொபூசியே திட்டமிட்ட அந்த நகரத்தின் அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும், அவருடைய உறவினர் பியர் ஜானெரே தலைமையில் தேக்கும் பிரம்புமாகக் கதிரைகள் வடிவமைக்கப்பட்டன. குமாஸ்தா உட்காரும் சாதாரணக் கதிரைகள். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். காலம் போக பிரம்பு கிழிந்தது, கால் ஆடியது, பிளாஸ்டிக் கதிரை வந்தது. பழையவற்றை மொட்டை மாடியில் குவித்தார்கள். கழிவுச் சாமானாக ஏலம் போட்டார்கள்.

வாங்கியவர்களில் ஐரோப்பிய வியாபாரிகளும் இருந்தார்கள். திருத்தி, பொலிஷ் போட்டு, பாரிஸ், லண்டன், நியூயோர்க் ஏலங்களில் விட்டபோது அவை ஆயிரக்கணக்கான டொலருக்குப் போயின. 2011இல் இந்திய உள்துறை அமைச்சு இவற்றைப் பாரம்பரியச் சொத்தாகப் பாதுகாக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அதற்குள் பெரும் பகுதி நாட்டை விட்டுப் போயிருந்தது.

இந்தக் கதையில் எங்களை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் சின்னது. அந்தக் கதிரைகளின் பின்பக்கத்தில் எந்த அலுவலகம், எத்தனையாவது என்று அரசு ஊழியர் பெயின்டால் அடித்த இலக்கம் இருக்கும். கதிரை களவு போகாமல் இருக்கப் போட்ட குறி. இன்றைக்கு ஏல வீட்டில் அந்தக் குறி இருந்தால் விலை கூடும், ஏனென்றால் இது உண்மையான சண்டிகர்க் கதிரை என்பதற்கு அது சாட்சி. யாரோ ஒரு குமாஸ்தாவின் பெயின்ட் எழுத்துக்குக் காசு இருக்கு. அந்தக் காசு சண்டிகருக்கு வருவதில்லை.

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல், இந்தக் கதிரைகளின் பயணத்தைப் பணக்கார வீடுகளில் தொடங்கிப் பின்னோக்கிச் சண்டிகர் வரை காட்டும் 'புரவனன்ஸ்' என்ற படத்தை 2013இல் எடுத்தார். அதே வருஷம் அந்தப் படத்தையே லண்டன் கிறிஸ்டீஸில் ஏலத்தில் விட்டார். ஏலத்தை விமர்சிக்கிற படமும் ஏலத்தில் விலை போகும் என்பதை அவர் செய்தே காட்டிவிட்டார்.

அப்ப முதலீடாக வாங்கலாமா?

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1974இல் பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர்களின் ஓய்வூதிய நிதி, பணவீக்கத்துக்குப் பயந்து ஏறத்தாழ 4 கோடி பவுணைக் கலைப்பொருட்களில் போடத் தொடங்கியது. அடுத்த வருஷம் பிரிட்டனில் பணவீக்கம் 24 வீதத்தைத் தாண்டியது, அதனால் பயம் நியாயமானதுதான். 1980களின் கடைசியில் விற்றபோது லாபம் வந்தது. ஆனால் பெரும் லாபம் 1989இல் சந்தை உச்சத்தில் விற்ற பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களில்தான். எல்லா வகைச் சாமானும் அப்படி ஏறவில்லை. பிரிட்டனில் பல பத்தாண்டுகள் ஏறிய பழைய மஹோகனித் தளபாடத்தின் விலை, 2000க்குப் பிறகு கீழே விழுந்தது. வீடுகள் சின்னதாகின, ரசனை மாறியது, மலிவான புதுத் தளபாடம் வந்தது. பாரமான அலுமாரியை வைக்க யாருக்கும் இடம் இல்லை.

எங்க அளவுக்குக் கணக்கைக் கொண்டு வருவோம். ஒரு பழைய ஈஸிச்சேர் 1,50,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் கதிரை 111 நாள் வேலை. இதை வாங்கினால்:

அவசரத்துக்குப் பாதிக் கதிரையை அடகு வைக்க முடியாது. தங்கத்தில் ஒரு வளையலை வைக்கலாம், மறுநாள் காசு கையில். கதிரையை விற்கக் கடைக்காரரிடம் போனால், அவர் விற்கிற விலையில் பாதி சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவருக்குக் கடை வாடகை, திருத்த வேலை, வாங்க ஆள் வரும் வரை காத்திருப்பு எல்லாம் இருக்கு. உங்களிடம் இருக்கும் வருஷமெல்லாம் அது வட்டி தராது. கறையானும் ஈரமும் மட்டும் நேரம் தவறாமல் வரும்.

போலி இன்னொரு பிரச்சினை. காட்டில் கருங்காலி வெட்டத் தடை இருக்கிறதால், பழைய உத்தரத்தையும் உடைந்த கட்டிலையும் அறுத்துப் "பழைய" கதிரை செய்யலாம். ஒன்றின் காலும் இன்னொன்றின் முதுகும் சேர்ந்து மூன்றாவதாக நிற்கும். மரம் உண்மையிலேயே பழையது. கதிரை போன வருஷத்தது. பிறகு சட்டம் இருக்கு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் பழம்பொருட்களை அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கின்றன. "வெளிநாட்டுல டொலருக்கு விற்கலாம்" என்று யாராவது சொன்னால், அனுமதிப்பத்திரம் எங்கே என்று முதலில் கேளுங்க.

இது எல்லாத்துக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒழுகாத கூரையும், யாரும் எழுப்பிவிட முடியாத வீடும், பத்து வருஷம் தொடத் தேவையில்லாத காசும் இருக்கிறவருக்குத்தான் பழைய கதிரை முதலீடு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதைப் பார்த்த மாவட்டத்தில், 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுக் காத்திருக்கும் குடும்பத்திடம் "தளபாடத்தில் முதலிடு" என்று சொல்வது பொருந்தாத பேச்சு. எங்களுக்கு முதல் முதலீடு அந்த உறுதிதான்.

எங்களிடம் இருக்கிற பாதி

அப்படியென்றால் இந்த வியாபாரத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லையா? இருக்கு. வால்போலின் கதிரையும் சண்டிகரின் கதிரையும் சொல்வது ஒரே விஷயம். விலை, பொருளோடு வரும் சாட்சியில் இருக்கு. ஊவாத் தளபாடத்தின் பாதிச் சாட்சி கம்பனியின் பட்டியலில் இருக்கும். மற்றப் பாதி எங்க பாட்டிமாரின் ஞாபகத்தில் இருக்கு. எந்தப் பங்களாவில் எது நின்றது, யார் பொலிஷ் போட்டார்கள், எந்தத் தச்சர் கால் மாற்றினார், எந்த வருஷம் லொறி வந்து ஏற்றிப்போனது. இதை யாரும் வந்து கேட்கவில்லை. இன்னும் பத்து வருஷத்தில் கேட்க ஆள் இருக்கலாம், சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

லயத்துச் சாமான்களும் அப்படித்தான். பழைய சாமான் எடுக்க வர்றவர் பித்தளைக் குடத்தையும் செம்பையும் தராசில வைக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு. டிரங்குப் பெட்டியையும் பழைய கொழுந்துக் கூடையையும் சும்மா கேட்கிறார். அவை டவுனுக்குப் போய், அங்கேயிருந்து அலங்காரப் பொருளாகப் போகும்போது நிறைக்கு விலை இல்லை, கதைக்கு விலை. எங்க கையில் இருக்கும்போது அது பித்தளை, இன்னொருவர் கைக்குப் போனதும் வரலாறு.

கம்பளைக்குப் பக்கத்தில், பழைய பீகொக் தோட்டத்து லயம் ஒன்று 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. அங்கே காட்சிக்கு இருப்பவை எங்க வீடுகளில் இருந்த சாதாரணச் சாமான்கள். பங்களாக் கதிரையைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். கதிரையின் கதை அப்போதுதான் முழுதாகும்.

செய்யக்கூடியது பெரிசா ஒன்றும் இல்லை. ஒரு கொப்பி போதும், கையில ஃபோன் இருக்கு. வீட்டில இருக்கிற பழைய சாமான் ஒவ்வொன்றையும் படம் எடுங்க. யார் வாங்கினது, எங்கே, எந்த வருஷம் போல, என்ன காசுக்கு என்று பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. பங்களாவில் வேலை செய்த தாத்தா, பாட்டி, அப்பு யாராவது இருந்தால் அவங்களை முதலில் கேளுங்க. விற்கிறதா இருந்தாலும் எழுதிவிட்டு விற்கலாம். தராசோட ஆள் அடுத்த தடவை வரும்போது, கிலோ என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால அது யாருடைய குடம் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.